மின்சாரப் பேருந்து மின்னேற்றத்தில் நிற்கும் நேரத்துக்குக் கூலி உண்டா?

கேள்வி – உப்புவெளி நடத்துநர்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநராக இருக்கிறேன். அடுத்து வாங்கும் பேருந்து மின்சாரத்தில் ஓடுவதாகவே இருக்கும் என்றும், முதலில் அதைக் கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் குறுந்தூரச் சேவையில் விட்டுப் பார்த்த பிறகு கொழும்புச் சேவைக்கும் கொண்டுவர யோசிப்பதாகவும் எங்கள் உரிமையாளர் சாரதியையும் என்னையும் அழைத்துச் சொன்னார். 2022இல் டீசலுக்காக எரிபொருள் நிலைய வாசலில் வரிசையில் நின்று பேருந்துக்குள்ளேயே படுத்துறங்கியவர்கள் நாங்கள். ஆகையால் டீசலை நம்பியிராத பேருந்து ஒன்று வருவதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான். என் கவலை வேறு. எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நாட்கூலியும் அன்றைய வசூலில் ஒரு பங்கும்தான். பேருந்து மின்னேற்றத்தில் நிற்கும் மணித்தியாலங்களுக்குக் கூலி கணக்கிடப்படமாட்டாது என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றிவரும் நாடுகளில் சாரதி, நடத்துநர்களின் வேலைநேர விதிகள் எப்படி இருக்கின்றன? எங்கள் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? ஒரே மின்னேற்றத்தில் கொழும்பு போய்ச் சேர முடியுமா என்பதையும் விபரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். எங்கே, எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம் என்பது அதைப் பொறுத்துத்தானே இருக்கிறது.

பதில் – உவர்மலை, ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சம்பளக் கணக்கும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 12 மீற்றர் நீளமான மின்சாரப் பேருந்து ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 1 முதல் 1.5 அலகு (கிலோவாட் மணி) வரை மின்சாரம் எடுக்கும். குளிரூட்டி ஓடினால், பயணிகள் நிறைந்திருந்தால், மேல் எல்லைக்குப் போகும். நடுவாக 1.2 அலகு என்று வைத்துக்கொண்டால், கொழும்பு வரையான சுமார் 260 கிலோமீற்றருக்கு 312 அலகு தேவை. இன்று சந்தையில் பரவலாக உள்ள பற்றரிகள் 250 முதல் 400 அலகு வரை கொள்பவை. பற்றரியை அடிவரை வெறுமையாக்கி ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கையாவது மிச்சம் வைக்க வேண்டும். ஆகவே பெரிய பற்றரி இருந்தால் ஒரு வழிப் பயணம் அரும்பொட்டாக முடியும். திரும்பி வருவதற்குக் கொழும்பில் கட்டாயம் மின்னேற்ற வேண்டும். 60 கிலோவாட் மின்னேற்றியில் அதற்கு 5 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், 150 கிலோவாட்டில் 2 மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும்.

கிண்ணியாச் சேவை அப்படியல்ல. ஒரு வழிக்கு 20 கிலோமீற்றர் என்று பார்த்தால், நாளொன்றுக்கு ஐந்து தடவை போய் வந்தாலும் 200 கிலோமீற்றர், அதாவது 240 அலகுதான். அதனை 60 கிலோவாட் மின்னேற்றி 4 மணித்தியாலத்தில் நிரப்பிவிடும். எனவே உங்கள் உரிமையாளர் குறுந்தூரத்தில் தொடங்க நினைப்பது சரியான முடிவு என்பது என் கருத்து.

எந்த 4 மணித்தியாலம் என்பதுதான் அடுத்த கேள்வி. நேரவாரிக் கட்டண முறையில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மின்சாரம் மலிவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக உயர்வு. இதற்கு மேலாக இன்னொரு விடயமும் இருக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்பாவனை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்தபோது, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அதே மாதத்தில்தான், முன்பு நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருந்த எங்கள் சம்பூரில், 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கான பணி தொடக்கிவைக்கப்பட்டது. நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தைப் பேருந்துகள் எடுத்துக்கொள்வது நாட்டுக்கு நல்லது. பயணிகள் குறைந்த அந்த வெயில் நேரம் சாரதிக்கும் நடத்துநருக்கும் ஓய்வு தேவைப்படும் நேரமும்கூட. ஆகவே மின்னேற்ற நேரத்தையும் ஊழியர் ஓய்வு நேரத்தையும் ஒரே அட்டவணையில், ஒரே தடவையில் தீர்மானிக்க வேண்டும். பேருந்தை வாங்கிவிட்டு ஊழியர் விடயத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது ஒருபோதும் பேசப்படாது.

மின்னேற்றும் இடம் பற்றியும் உரிமையாளரிடம் கேளுங்கள். பத்துப் பேருந்துகள் 60 கிலோவாட் வீதம் ஒரே நேரத்தில் ஏற்றினால் 600 கிலோவாட். தெருவோர மின்மாற்றி ஒன்று அதைத் தாங்காது, தனி மின்மாற்றி வேண்டும். தனி ஒருவரால் அந்தச் செலவைச் சுமக்க முடியுமா என்பது ஐயமே. உரிமையாளர்கள் சேர்ந்தோ, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) டிப்போ வளவைப் பகிர்ந்தோ செய்தால்தான் கட்டுப்படியாகும். கடற்காற்றின் உப்பு மின்னேற்றியின் இணைப்புகளை அரிக்கும் என்பதால் கூரையுள்ள இடமாகப் பார்க்க வேண்டும்.

பதில் – தம்பலகாமம், இப்போது லண்டனில் பேருந்துச் சாரதி

நான் லண்டனில் மின்சாரப் பேருந்து ஓட்டுகிறேன். இங்கு 2,000க்கும் மேற்பட்ட மாசற்ற பேருந்துகள் ஓடுகின்றன, 2034க்குள் எல்லாமே அப்படி ஆக வேண்டும் என்பது இலக்கு. இங்கிலாந்து முழுவதற்குமாக, 2025 ஒக்ரோபரில் சட்டமான பேருந்துச் சேவைகள் சட்டம், உள்ளூர்ச் சேவைகளில் புதிய டீசல் பேருந்துகளைச் சேர்ப்பதற்கு முற்றுப்புள்ளி வைக்க வழி செய்கிறது. அந்தத் தடை 2030 ஜனவரிக்கு முன்னர் நடைமுறைக்கு வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2035 முதல் விற்கப்படும் புதிய நகரப் பேருந்துகள் அனைத்தும் மாசற்றவையாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சீனாவின் சென்சென் நகரமோ 2017 முடிவதற்குள் தனது 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மாற்றி முடித்துவிட்டது.

இவற்றில் எதுவும் பேருந்து மின்சாரத்தில் ஓடுகிறது என்பதற்காக வேலைநேர விதியைத் தளர்த்தவில்லை. பிரித்தானிய உள்நாட்டு விதியின்படி ஐந்தரை மணித்தியாலம் ஓட்டினால் குறைந்தது 30 நிமிட இடைவேளை வேண்டும், ஒரு நாளில் 10 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஐரோப்பாவின் நெடுந்தூர விதி இன்னும் இறுக்கமானது: நாலரை மணித்தியாலத்துக்கு 45 நிமிடம், ஒரு நாளில் 9 மணித்தியாலம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு நாங்கள் இடையில் ஒரு தேநீரோடு ஓடும் ஓட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

இதோடு, 2025 டிசம்பரில் இங்கு சட்டமான வேலை உரிமைகள் சட்டத்தால், நோய்க்காலக் கொடுப்பனவு முன்புபோல நான்காம் நாளிலிருந்து அல்லாமல் முதல் நாளிலிருந்தே 2026 ஏப்ரல் முதல் கிடைக்கிறது. இவை இந்த நாட்டுச் சட்டங்கள், அங்கு பொருந்தா. ஆனால் வாகனம் மாறும் அதே காலத்தில் வேலை விதியும் தொழிலாளிக்குச் சாதகமாக மாற முடியும் என்பதற்குக் கண்முன் உள்ள உதாரணம் என்பதால் எழுதுகிறேன்.

ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்தி. மின்சாரப் பேருந்து மெதுவாகப் போகும்போது ஏறக்குறையச் சத்தமே இல்லை. அதனால் ஐரோப்பாவில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்பும் கருவி கட்டாயம். திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் பேருந்துக்கு முன்னாலும் பின்னாலும் மக்கள் இயந்திரச் சத்தத்தைக் கேட்டே விலகி நடக்கிறார்கள். அந்தக் கருவி இல்லாத பேருந்தை வாங்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதில் – பாலையூற்று, டீசல் இயந்திரத் திருத்துநர்

அண்ணன் மார் சொன்னவற்றோடு வேலைத்தளத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன். டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. மூடிய கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டு இன்ஜெக்டரில் காதை வைத்துக் குறை பார்ப்பவர்கள் நாங்கள்; மாலையில் மூக்கைச் சிந்தினால் கரிதான் வரும். அந்தப் புகை ஒழிந்தால் முதலில் நன்மை பெறுபவர்கள் நாங்களே.

ஆனால் மின்சாரப் பேருந்தின் செம்மஞ்சள் நிற வடங்களில் பல நூறு வோல்ட் நேரோட்டம் ஓடுகிறது. அதைத் தொடுவதற்கு முன் இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, மின்னழுத்தம் அற்றுப்போனதை அளந்து பார்த்து, மின்காப்புக் கையுறையுடன்தான் கை வைக்க வேண்டும். பழக்க தோசத்தில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேரே வேலையில் இறங்கினால் உயிர் போகும். எனவே பயிற்சி இல்லாமல் யாரையும் அந்த வண்டியின் கீழ் அனுப்பக் கூடாது. அந்தப் பயிற்சி நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், அதன் செலவை வாகனத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வண்டி விற்பவர் தன் ஆட்களைக் கொண்டே எல்லாம் பார்ப்பார் என்றால், எங்கள் ஊரில் இருபது, முப்பது வருடமாகக் கிறீஸ் பூசியவர்களுக்கு வேலை எங்கே?

கேள்வி கேட்டவரின் பதில்

உவர்மலை ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. கொழும்பில் 2 மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டிவரும் என்பது இப்போது தெளிவாகிறது. அந்த நேரத்தில் வாகனத்தை விட்டு அகலக் கூடாது, இருக்கைகளைக் கூட்டித் துடைக்க வேண்டும், மின்னேற்றியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் உரிமையாளர் எதிர்பார்க்கிறார். அப்படியிருந்தும் அது ஓய்வு நேரம் என்கிறார். இதற்குச் சட்டத்தில் இடமுண்டா?

பதில் – திருகோணமலை நகர், தொழிற்சட்டத்தில் பணியாற்றும் சட்டத்தரணி

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியதுதான் இந்த விடயத்தின் உயிர்நாடி. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1979இல் வீதிப் போக்குவரத்துச் சாரதிகளின் வேலை நேரம், ஓய்வு பற்றி ஏற்படுத்திய 153ஆம் இலக்கச் சமவாயம் இதை நேரடியாகத் தொடுகிறது. வாகனம், பயணிகள் தொடர்பான துணை வேலைகளும் வேலை நேரமே என்கிறது அது. தன் விருப்பப்படி நேரத்தைக் கழிக்க முடியாமல் வாகனத்திலோ வேலைத்தளத்திலோ காத்திருக்கும் நேரத்தையும், உரிய அதிகாரியோ கூட்டு உடன்படிக்கையோ வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கொள்ளலாம் என்கிறது. தொடர்ந்து 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டலாகாது, நாளில் 9, வாரத்தில் 48 மணித்தியாலம் என்பன அதன் எல்லைகள். இருக்கையைத் துடைப்பவர், மின்னேற்றியைக் காவல் காப்பவர் ஓய்வில் இருக்கவில்லை என்பதே என் உறுதியான நிலைப்பாடு.

இனி எங்கள் சட்டம். 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கென்று, ஊதியத்தை நிர்ணயிக்கும் தனிச் சம்பளச் சபை இருக்கிறது. தனியார் பேருந்து ஊழியர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உரிமையாளர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உரிமையாளர் மட்டும் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். நாட்கூலி பெறுபவருக்கும் இது உண்டு. மின்னேற்றியடியில் விபத்து நேர்ந்தால் 1934இன் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கு வேலையில்தான் இருந்தீர்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் அந்த வழக்கு எளிதாகும். அந்த நேரம் ஓய்வு என்று இப்போதே ஒப்புக்கொண்டால் அன்றைக்கு அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இ.போ.ச. நண்பர்கள் சென்னையையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் விடப்பட்டன. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று தனியார் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தும் ஒப்பந்தம் அது. நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர், சாரதியோ ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்; ஒரே பேருந்தில் இரண்டு முதலாளிகள். பேருந்து வாங்கும் முறையே ஊழியரின் நிலையைத் தீர்மானித்துவிடுகிறது என்பதை இங்குள்ள தொழிற்சங்கங்கள் முன்கூட்டியே விளங்கிக்கொள்வது நல்லது.

நீங்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. 2025 மே மாதத்தில் கொத்மலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு சாரதிகளின் பாதுகாப்பு நாடெங்கும் பேசப்படுகிறது, ஆகவே உரிமையாளரும் செவிகொடுப்பார் என்று நினைக்கிறேன். சாரதியும் நீங்களுமாகச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். மின்னேற்றத்தின்போது வாகனத்தருகில் இருக்கப் பணிக்கப்படும் ஒவ்வொரு மணித்தியாலமும் வேலை நேரமாகக் கணக்கிடப்படும், வாகனத்தை வேறொருவர் பொறுப்பில் விட்டு வெளியேற அனுமதிக்கப்படும் நேரம் மட்டுமே ஓய்வாகும் என்ற வாசகம் அதில் இருக்கட்டும். படுக்கையும் கழிப்பறையும் உள்ள ஓய்வறை, சம்பளத்துடனான பயிற்சி, வசூல் பங்கு குறையும் நாட்களுக்கு ஈடான கொடுப்பனவு ஆகியவற்றையும் சேருங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இணங்காவிட்டால் திருகோணமலையிலுள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம்.

நேர அட்டவணையைப் பொறுத்தவரை, கொழும்புச் சேவை மாகாணங்களுக்கு இடையிலானது என்பதால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழும், கிண்ணியாச் சேவை கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கீழும் வருகின்றன. மின்னேற்றத்துக்காக உரிமையாளர் நேர மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, உங்கள் கடிதத்தின் பிரதியும் அந்த விண்ணப்பத்தோடு போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.