சனிக்கிழமை எழுதிய மைப்பேனா திங்கள் காலை வறண்டு கிடக்கிறது. என்ன செய்யலாம்?

கிராணி பேத்தி (சுங்கை சிப்பூட், மலேசியா):
அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்குப் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிவது. மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்ல நான் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறிக்க வேண்டும். கணினியில் ஏற்றுவதெல்லாம் பிறகுதான். என் தாத்தா தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். அவருடைய பழைய கணக்குப் புத்தகங்களில் இருந்த கையெழுத்தைப் பார்த்து வளர்ந்த ஆசையில் நான்கு மாதங்களுக்கு முன் 22 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மைப்பேனா வாங்கினேன்.

சனிக்கிழமை நண்பகல் நன்றாக எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுப் போகிறேன். திங்கள் காலை எடுத்தால் ஒரு கோடு கூட விழுவதில்லை. உதறினால் செக்ரோல் மேல் பொட்டு வைத்ததுபோல் மை தெறிக்கிறது. முப்பது பேர் வரிசையில் நிற்க, நான் பேனாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து மண்டோர் அண்ணன், "பேனா இன்னும் பசியாறவில்லையா?" என்று கேட்கிறார்.

வேறு மை வாங்கிப் பார்த்துவிட்டேன். மூன்று வாரங்களுக்கு முன் பேனாவைப் பிரித்து, மூடியின் உள்பக்கம் வரை பஞ்சுக் குச்சி விட்டுச் சுத்தமாகக் கழுவினேன். நிப்பு கீழே இருக்கும்படி குவளையில் நிறுத்தியும் வைத்தேன். பலன் இல்லை. வாங்கிய புதிதில் இந்தத் தொல்லையே இல்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாத ஊரில் பேனா மட்டும் எப்படிக் காய்கிறது?

நீலக்கோடு:
இரண்டு வெள்ளிக்கு ஜெல் பேனா. பிரச்சினை தீர்ந்தது.

கிராணி பேத்தி:
அது என் மேசையிலும் இருக்கிறது. தாத்தாவின் எழுத்து அதில் வரவில்லையே!

பழைய வாத்தியார் (பாகான் செராய்):
அம்மா, நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் எல்லாருமே மைப்பேனாதான். வறண்டுவிட்டால் சுடுதண்ணீரில் நிப்பைப் போட்டு வைப்போம். அதற்கும் அசையவில்லையென்றால் சவர பிளேடை நிப்பின் பிளவில் விட்டு ஓர் இழுப்பு. உடனே எழுதும்.

மைவிரல் (கிள்ளான்):
வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, இரண்டும் வேண்டாம். சுடுநீரில் நிப்புக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு வளைந்துவிடும். பிளேடு பிளவை அகலப்படுத்திவிடும். அதற்குப் பிறகு அந்த நிப்பில் மை ஒழுங்காக இறங்குவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அறைச் சூட்டில் உள்ள தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு, பிறகு நிறம் போகும்வரை வெறும் தண்ணீர். இவ்வளவு போதும். சாராயம் கலந்த திரவங்களும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விட்டுவிடும்.

தங்கச்சி கழுவிவிட்டதாகத்தான் சொல்கிறார், ஆகவே கேள்வி அடைப்பைப் பற்றியது அல்ல. மைப்பேனா மை பெரும்பாலும் தண்ணீர்தான், சாயம் கொஞ்சம். அந்தக் கறுப்பு நாக்கில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் உண்டு. மை அவற்றில் ஊர்ந்து வந்து நுனியில் காத்திருக்கும். மூடிக்குள் காற்று அடைபட்டிருந்தால் அந்தச் சிறு வெளி சீக்கிரம் ஈரத்தால் நிறைந்துவிடும், அதற்கு மேல் மை காயாது. மூடியில் எங்காவது காற்று போய் வந்தால் காய்ந்துகொண்டே இருக்கும். குழாயில் இருப்பதே ஒரு மில்லிலிட்டர் அளவு மை, நுனியில் அதிலும் துளி. காய எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

மூன்று கேள்விகள். பேனா வார இறுதியில் எங்கே கிடக்கிறது? திங்கட்கிழமை எழுத்தின் நிறம் சனிக்கிழமை நிறத்திலிருந்து மாறியிருக்கிறதா? மூடியின் உச்சியில் துளை இருக்கிறதா?

கிராணி பேத்தி:
அண்ணா, இரண்டாவது கேள்விக்காகச் செக்ரோலைப் புரட்டினேன், அசந்துவிட்டேன். சனிக்கிழமைப் பெயர்கள் சாதாரண நீலம். திங்கட்கிழமை முதல் ஏழெட்டுப் பெயர்கள் ஏறக்குறைய கறுப்பு, பக்கத்தின் பாதிக்கு வரும்போது மறுபடி நீலம். கடந்த மூன்று வாரமும் இதே கதை. அதற்கு முந்தைய பக்கங்களில் எல்லா நாளும் ஒரே நீலம்.

பேனா அலுவலக மேசையில்தான் இருக்கும். கணினிகளுக்காக அங்கே குளிரூட்டியை இரவிலும் அணைப்பதில்லை. மூடியின் உச்சியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது.

மைவிரல் (கிள்ளான்):
அண்ணா இல்லை, அக்கா.

துணி காயாத ஊரில் பேனா காய்வதற்கு விடை உங்கள் அலுவலகச் சன்னலுக்கு வெளியே இருக்கிறது. குளிரூட்டியின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதல்லவா? அதெல்லாம் அறைக்காற்றில் இருந்த ஈரம். பேனா கிடப்பது சுங்கை சிப்பூட்டின் காற்றில் அல்ல, பிழிந்து எடுத்த காற்றில். கறுத்த எழுத்துக்கும் அதுதான் காரணம்: தண்ணீர் போய்விட்டது, சாயம் தங்கிவிட்டது. மை நிறுவனத்தை மாற்றி என்ன பயன்?

ஆனால் குளிரூட்டி மட்டும் குற்றவாளி என்றால் முதல் மூன்று மாதமும் வறண்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம் மூடி மேல்தான். உச்சியில் துளை வைப்பது வழக்கமானது. பிள்ளைகள் மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போக வழி இருக்கட்டும் என்பதற்காக. ஐஎஸ்ஓ 11540 என்று அதற்கு ஒரு தரநிலையே உண்டு. அப்படித் துளை போட்ட மைப்பேனா மூடிக்குள் வழக்கமாக இன்னொரு சின்ன மூடி, குப்பி மாதிரி, இருக்கும். நிப்பு அதற்குள் போய் அமரும். காற்று அதைச் சுற்றிப் போகும், நிப்பைத் தொடாது. உங்கள் மூடியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா?

சின்ன வயதில் பேனா மூடியை உதட்டில் உறிஞ்சித் தொங்கவிடுவோமே, அதையும் செய்து பாருங்கள். காற்றுப் புகாத மூடி உதட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஓட்டை மூடி விழுந்துவிடும்.

பழைய வாத்தியார் (பாகான் செராய்):
அதற்காக எத்தனை முறை வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன்! பிளேடு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், என் பேனாக்கள் ஒன்றுகூட ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஒன்று கேட்கிறேன்: நிப்பு கீழே இருந்தால் மை நுனியிலேயே நிற்குமே, ஏன் காய வேண்டும்?

மைவிரல் (கிள்ளான்):
நிற்கும் ஐயா, கூடவே மூடிக்குள் கசியவும் செய்யும். நிப்பை மேலே வைத்தால் கசியாது, ஆனால் மை நாக்கிலிருந்து பின்வாங்கிவிடும், காலையில் முதல் கோடு தயங்கும். ஓரிரு நாளுக்கு நான் படுக்க வைத்துவிடுவேன். மூடி ஓட்டையாக இருந்தால் எப்படி வைத்தாலும் காயத்தான் செய்யும்.

கிராணி பேத்தி:
அக்கா, வெளிச்சம் நேராகத் தெரிகிறது. உதட்டில் ஒரு நொடி கூட நிற்கவில்லை (மண்டோர் அண்ணன் பார்த்துவிட்டார், அது தனிக் கதை).

இப்போது ஒரு வாக்குமூலம். அன்று கழுவும்போது பஞ்சுக் குச்சியோடு மூடிக்குள்ளிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி வந்தது. உள்ளே மைக்கறை அப்பிக் கிடந்தது. மை வழிந்தால் பிடித்துக்கொள்வதற்காக வைத்திருக்கிறார்கள், எனக்கு எதற்கு என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டேன். எங்கே வைத்தேன் என்பதுதான் நினைவில்லை. பேனாக் கடை தேடினால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். குப்பி கிடைக்காவிட்டால் மூடி அவ்வளவுதானா?

மைவிரல் (கிள்ளான்):
இல்லை. துளை மேல் ஒட்டுநாடா ஒரு துண்டு அழுத்தி ஒட்டி இந்த வார இறுதி வையுங்கள். மூடிக்கும் உடலுக்கும் இடையிலான இணைப்பில் உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்று. பார்க்க அழகாக இராது, ஆனால் சோதனைக்குப் போதும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் மட்டும் துளையை அடைத்த மூடியைக் கைக்கெட்டாமல் வையுங்கள்.

அதுவரை காலையில் உதற வேண்டாம். நனைத்த மெல்லிய தாளில் நிப்பின் நுனியை ஐந்தாறு நொடி ஒற்றி வைத்தால் காய்ந்த சாயம் கரைந்து மை இறங்கிவிடும்.

செம்பனைக்காடு (தெலுக் இந்தான்):
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஓவியத்துக்கு வாங்கிய இந்திய மையை மைப்பேனாவில் ஊற்றினேன். ஒரு மாதமாக அடைப்பு. இதே வைத்தியம் பலிக்குமா?

மைவிரல் (கிள்ளான்):
பெரும்பாலும் பலிக்காது. அதில் அரக்கு சேர்ப்பார்கள், காய்ந்தால் வார்னிஷ் பூசியதுபோல் ஆகிவிடும். தொட்டு எழுதும் முனைக்கு மட்டும் அந்த மை. பேனாவை இரவெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டுப் பாருங்கள், வந்தால் லாபம்.

பேனா வாங்கப் போகும் மற்றவர்களுக்கு: நாள்கணக்கில் தொடாமல் வைப்பவராக இருந்தால் நிப்பைவிட மூடியைப் பார்த்து வாங்குங்கள். பிளாட்டினம் நிறுவனம் 2011இல் கொண்டுவந்த 3776 செஞ்சுரி பேனாவில் உள்மூடியைச் சுருள்வில் ஒன்று அழுத்திப் பிடிக்கும்; இரண்டு ஆண்டு வரை மை காயாது என்பது அவர்கள் கணக்கு. விலை அதிகம். அதே நிறுவனத்தின் மலிவான பிரெப்பியிலும் அந்த ஏற்பாடு உண்டு.

கிராணி பேத்தி:
திங்கள் காலை 6.40. ஒட்டுநாடா வைத்தியம் பலித்துவிட்டது. முதல் பெயரே விழுந்தது, நிறம் லேசாகத்தான் கறுத்திருக்கிறது.

இன்னொன்று. செலவுச் சீட்டுகளைக் கோக்கக் கிளிப் தேடியபோது கிளிப் டப்பாவின் அடியில் அந்த வெள்ளைக் குப்பி இருந்தது! பசை போட்டு ஒட்டவா?

மைவிரல் (கிள்ளான்):
பசை வேண்டாம், வழிந்து உள்ளே இறங்கினால் நிப்பு அதில் மாட்டிக்கொள்ளும். குப்பியைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, திறந்த வாய் உங்களைப் பார்க்கும்படி மூடிக்குள் போடுங்கள். பென்சிலின் தட்டையான பின்பக்கத்தால் நேராக அழுத்துங்கள். டக்கென்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். பிறகு உதட்டுச் சோதனை.

கிராணி பேத்தி:
சத்தம் கேட்டது. தொங்குகிறது அக்கா.

பழைய வாத்தியார் (பாகான் செராய்):
மண்டோர் பார்த்தாரா?