இலவம்பாடி வீடு

சனிக்கிழமை

அக்கா, மாலை 6:50
எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும். இங்கே கிரீன் கார்டு வாங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்து வாழ்கிறவர்கள் மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு மனு போடலாம். மற்றவர்களுக்கு ஐந்து. போடவா, கார்டோடு இருந்துவிடவா என்று இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. இவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். அது ஒரு பதிலா?

மாமா (அக்காவின் கணவர்), 6:52
அதுதான் பதில்.

சித்தி, 6:53
முதலில் சாப்பிட்டாயா?

அக்கா, 6:53
இங்கே காலை ஒன்பதரை சித்தி. இட்லி ஆயிற்று.

பெரியப்பா, 7:10
நீளமாக எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். 1806 ஜூலை 10. நம் வேலூர்க் கோட்டை. தலைப்பாகையை மாற்று, நெற்றிக் குறியை அழி என்று சொன்னதற்கே சிப்பாய்கள் துப்பாக்கி எடுத்தார்கள். இவள் பாஸ்போர்ட்டையே மாற்றுகிறேன் என்கிறாள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ஆம் வருடச் சட்டம், 9-ஆம் பிரிவு. அங்கே சத்தியம் செய்த நிமிடமே இங்கே நீ இந்தியப் பிரஜை இல்லை. யாரும் உன்னை நீக்க வேண்டாம், தானாகப் போய்விடும். கம்மவான்பேட்டையில் என் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரன். அவர்களிடம் நான் என்ன சொல்வேன்?

நான், 7:14
பெரியப்பா, அந்தத் தலைப்பாகையைக் கட்டாயப்படுத்தினார்கள். அக்காவை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே.

பெரியப்பா, 7:15
கட்டாயம் இல்லாமல் மாற்றுவது அதைவிட மோசம்.

அம்மா, 7:16
பெரிய மாமா, ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டீர்களா?

அப்பா, 7:31
பாப்பா, நீ எந்த முடிவு எடுத்தாலும் ஒரு மாதம் பொறு. கிணற்று ஓரத்துக் காணியை உன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுத ஏற்பாடு செய்துவிட்டேன். பத்திர எழுத்தரிடம் சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டால் விவசாய நிலம் உன் பேரில் எழுத முடியாதாம். அதற்கு முன்னால் முடித்துவிடுவோம்.

அக்கா, 7:33
அப்பா, இதை யார் கேட்டார்கள்?

அப்பா, 7:33
யாரும் கேட்க வேண்டாம். தம்பிக்கு வீடு, உனக்குக் காணி. முள்ளு கத்திரிக்காய் போட்டால் அந்த மண்ணில்தான் ருசி.

நான், 7:52
அப்பா, கொஞ்சம் நில்லுங்கள். காட்பாடி ஆடிட்டரிடம் இப்போதுதான் பேசினேன். நாம் நினைத்தது தலைகீழ். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு, இந்த மூன்றையும் வெளிநாட்டில் குடியிருக்கிற இந்தியர் விலைக்கு வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. அக்கா கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் இதே விதிதான், வெளிநாட்டுக் குடிமகள் ஆன பிறகு இந்தியா தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே விதிதான். அங்கே போய்க் குடியேறிய அன்றே அந்தக் கதவு மூடியாகிவிட்டது. குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்பா, 7:54
அப்போது இந்தப் பத்திரம்?

நான், 7:57
எழுதினால் பின்னால் தொந்தரவு. ஆனால் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. நீங்கள் உயில் எழுதி வைத்தால், இங்கே குடியிருக்கிறவரிடமிருந்து வருகிற சொத்து என்பதால் அக்கா எந்த நாட்டுக் குடிமகளாக இருந்தாலும் வரும். விற்க நினைத்தால் இங்கே குடியிருக்கிற இந்தியருக்குத்தான் விற்கலாம்.

அப்பா, 7:58
பத்திர எழுத்தர் இதைச் சொல்லவே இல்லையே.

நான், 7:58
அவரிடம் அக்கா எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்களா?

அப்பா, 8:05
இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 6:20
ராத்திரி முழுக்க யோசித்தேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபோது வந்தாய். ஐந்தாவது மாதம் முடிவதற்குள் கிளம்பிவிட்டாய். அப்பா அப்போது கழிவறைக்குத் தனியாக நடக்கவில்லை. மாப்பிள்ளைதான் வரச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கேட்கவும் மனம் வரவில்லை.

அக்கா, 6:41
அம்மா. இவர் இன்னும் இரு என்றுதான் சொன்னார். நான்தான் பயந்தேன். கார்டு வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், குடியுரிமைக்கு எண்ணுகிற காலக்கணக்கு அறுந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நாம்தான் காட்ட வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் கார்டே போகலாம். திரும்ப உள்ளே வர விடுகிற ரீஎன்ட்ரி பெர்மிட்டை முன்கூட்டியே வாங்கினால் இரண்டு வருடம் வரை தாங்கும், ஆனால் அந்த மனுவை அமெரிக்காவுக்குள் இருக்கும்போதுதான் போட வேண்டும். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி மனு போடவா தோன்றும்? கையில் கிடைத்த துணியோடு விமானம் ஏறினேன்.

அம்மா, 6:44
குடியுரிமை வாங்கிவிட்டால்?

அக்கா, 6:46
எத்தனை மாதம் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியாவுக்கு ஆயுள் முழுக்க விசா வேண்டாம், இத்தனை நாள்தான் என்ற கணக்கும் இல்லை.

அம்மா, 6:47
அந்த நாட்டுக்காரி ஆனால்தான் இந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா?

அக்கா, 6:47
ஆமாம்மா. எனக்கும் விநோதமாகத்தான் இருக்கிறது.

பெரியப்பா, 6:55
சட்டம் எழுதினவன் கள் குடித்திருப்பான்.

சித்தி, 9:15
மாப்பிள்ளை, இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், நிறைய பெண்களின் கதை கேட்டிருக்கிறேன். எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண் கல்யாணம் ஆகி அங்கே போனாள். முதலில் தருகிற கார்டு இரண்டு வருடத்துக்குத்தானாம். அதை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை வைத்தே அவன் அவளை ஆட்டி வைத்தான். கையெழுத்து இல்லாமலும் மனு போட வழி இருக்கிறது என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. பெண்ணின் காகிதம் பெண்ணின் கையில் இருக்க வேண்டும்.

மாமா, 9:22
தப்பாக நினைக்கவில்லை சின்ன அத்தை. அந்தக் கட்டம் எங்களுக்குத் தாண்டிவிட்டது, பத்து வருடக் கார்டு வந்துவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னது சரி. இப்போது நாங்கள் பிரிந்தாலும் கார்டு போகாது, ஆனால் மூன்று வருடச் சலுகை போய்விடும், ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். குடியுரிமை வாங்கிவிட்டால் அதற்கும் கல்யாணத்துக்கும் முடிச்சு இல்லை.

அக்கா, 9:23
எதற்கு இப்போது பிரிவது பற்றி விளக்கம்?

மாமா, 9:23
சட்டம் சொன்னேன்.

அப்பா, 9:40
செலவு எவ்வளவு பாப்பா?

அக்கா, 9:44
இணையத்தில் போட்டால் 710 டாலர், காகிதத்தில் 760. கார்டைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க இணையத்தில் 415. காசு பெரிய வித்தியாசம் இல்லை. தேர்வு இருக்கிறது. 128 கேள்வி கொடுத்துவிடுவார்கள், அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும்.

நான், 9:45
பத்தாவதில் வரலாற்றில் 41 வாங்கியவள் நீ.

அக்கா, 9:45
வாயை மூடு.

நான், 9:50
இன்னொன்று. குடிமகள் ஆனால் அப்பா அம்மாவுக்கு மனு போடலாம், வருடத்துக்கு இத்தனை பேர் என்ற வரிசை அதில் இல்லை. கார்டு வைத்திருப்பவர் கணவன் அல்லது மனைவிக்கும் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும்தான் போட முடியும், பெற்றோருக்கு முடியாது. குடிமகள் ஆனால் தம்பிக்கும் போடலாம், ஆனால் இந்தியர்களுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு. எனக்கு வழுக்கை விழுந்த பிறகு விசா வரும்.

அப்பா, 9:52
எனக்கு வேண்டாம். வேலூர் வெயிலில் காய்ந்த உடம்பு, பனி தாங்காது.

அம்மா, 9:53
உங்களை யார் கேட்டார்கள்? நான் போய்ப் பேத்தியோடு இருப்பேன்.

பெரியப்பா, 10:30
நான் கேட்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தச் சத்தியப் பிரமாணத்தில், சட்டம் கேட்டால் அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று ஒரு வரி இருக்கிறது. பேரனை விட்டுப் படிக்கச் சொன்னேன். யாருக்கு எதிராக என்று அதில் இல்லை.

மாமா, 10:41
அந்த வரி இருக்கிறது பெரியப்பா. முன்பிருந்த நாட்டின் மீதான விசுவாசத்தை முழுமையாகத் துறக்கிறேன் என்றும் ஒரு வரி இருக்கிறது. நான் எடுத்த அன்று அந்த வரியை எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். கையில் சின்னக் கொடி கொடுத்தார்கள். மதியம் ஆரணிக்குப் போன் போட்டு அம்மாவிடம் மழை பெய்ததா என்று கேட்டேன். குடியுரிமை வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல ஒரு மாதம் ஆனது. வருத்தம் இல்லை, ஆனால் ஒன்றுமே ஆகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பெரியப்பா, 10:43
ம்.

அக்கா, 10:58
பெரியப்பா, நானும் ஒன்று சொல்கிறேன். என்னைத் தடுப்பது நிலம் இல்லை, பாஸ்போர்ட்டின் நிறமும் இல்லை. ஓட்டுதான். 2019 ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் வேலை. ஏப்ரல் 18 வாக்குப்பதிவு என்று இரண்டு நாள் முன்னாலேயே வரக் கிளம்பினேன். 16-ஆம் தேதி ராத்திரி வேலூர்த் தொகுதிக்கு மட்டும் தேர்தல் ரத்து. நாடு முழுக்க ஓட்டுப் போட்டது, நாம் மட்டும் வேடிக்கை பார்த்தோம். ஆகஸ்ட் 5-ஆம் தேதி மறுபடி வைத்தார்கள். அதற்கும் லீவு போட்டு வந்தேன், இலவம்பாடிப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். அதுதான் நான் கடைசியாகப் போட்ட ஓட்டு. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடிமகள் பெயரைப் பதிந்துகொண்டு நேரில் வந்து போடலாம். நான் 2024-இல் வரவில்லை. இங்கேயும் கார்டை வைத்துக்கொண்டு போட முடியாது, தெரியாமல் பதிவுக் கட்டத்தில் டிக் அடித்தாலே பெரிய சிக்கல். இரண்டு ஊரிலும் ஓட்டில்லாதவளாக இருக்கிறேன்.

பெரியப்பா, 11:20
ஓசிஐ-க்கு ஓட்டு உண்டா?

அக்கா, 11:21
இல்லை. அரசு வேலையும் இல்லை. அது பேரில்தான் குடியுரிமை, உண்மையில் நீண்ட விசா. ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓசிஐ எடுத்து ஐந்து வருடம் ஆன பிறகு, ஒரு வருடம் ஊரில் வந்து இருந்தால், மறுபடி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வழி ஒரேயடியாக அடைபடவில்லை.

பெரியப்பா, 11:34
பழைய பாஸ்போர்ட்டை என்ன செய்வார்கள்? கிழித்துப் போடுவார்களா?

அக்கா, 11:35
தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். ரத்து முத்திரை போட்டுத் திருப்பித் தருவார்கள். அதன் பிறகு அதில் பயணம் செய்தால் அபராதம்.

பெரியப்பா, 11:40
திருப்பித் தந்ததும் எனக்கு அனுப்பு. என் டிரங்குப் பெட்டியில் பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வைத்துக்கொள்கிறேன். நீ திரும்ப எடுத்துக்கொள்ள வந்தால் தருகிறேன்.

அக்கா, 11:41
சரி பெரியப்பா.

அம்மா, 11:42
ரேஷன் கார்டில் இவள் பேர் இன்னும் இருக்கிறது.

நான், 11:42
அம்மா, அதைக் குழுவில் எழுதாதீர்கள்.

அப்பா, மாலை 4:10
முடிவு சொல்லிவிடுகிறேன். பாப்பா மனுவைப் போடட்டும். நாளை பத்திர எழுத்தரிடம் செட்டில்மெண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உயில் எழுதப் போகிறேன். இரண்டு சாட்சி வேண்டும், அண்ணா ஒரு கையெழுத்துப் போடுங்கள். நம் வீட்டில் பெண்ணுக்கு நிலம் இல்லை என்ற பேச்சு வரக் கூடாது.

அத்தை, 4:26
குரல் பதிவு, 2 நிமிடம் 11 நொடி

நான், 4:40
அக்கா வெளியே இருக்கிறாளாம், கேட்க முடியவில்லை என்கிறாள். அத்தை பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"எல்லாம் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாப்பாவுக்கு எழுது, நல்லது. அவள் கடல் தாண்டிப் போனவள், அவளுக்கே சட்டத்தில் வழி தேடுகிறீர்கள். நான் எங்கே போனேன்? இலவம்பாடியிலிருந்து அணைக்கட்டுக்குப் போனேன். பாஸ்போர்ட் இல்லை, சத்தியம் இல்லை. தாலி கட்டினார்கள், அவ்வளவுதான். 89-இல் பெண்ணுக்கும் பூர்வீகத்தில் பங்கு என்று சட்டம் வந்தது. வக்கீலிடம் கேட்டேன். மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்கு இல்லை என்றார். எனக்கு 86. மூன்று வருடத்தில் நான் அந்த வீட்டுக்கு வெளியாள். 94-இல் அப்பா உங்கள் இரண்டு பேருக்கும் பாகப் பத்திரம் பதிந்தார். 2005-இல் எல்லாப் பெண்ணுக்கும் உண்டு என்று மாற்றினார்கள், ஆனால் பழைய பத்திரத்தைத் தொட முடியாதாம். ஒரு செண்டு நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. பெண்ணுக்கு நிலம் இல்லை என்ற பேச்சு வரக் கூடாது என்று எழுதியிருக்கிறாயே தம்பி, அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லத்தான் பேசினேன். பாப்பா, நீ போடம்மா மனுவை."

அக்கா, 5:02
அத்தை.

அம்மா, 5:05
அண்ணி, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதை ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை.

சித்தி, 5:09
கேட்டால்தானே சொல்வார்கள்.

பெரியப்பா, 5:30
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா, 5:47
அக்கா, போனை எடு. மூன்று தடவை அடித்துவிட்டேன்.

அத்தை, 6:15
மாடு கறந்துகொண்டிருந்தேன். கூப்பிடு.