இணைப்பு அறுந்தால் தோல்வியா? தருமபுரி – கிருஷ்ணகிரி இணையச் சதுரங்கப் போட்டி

தருமபுரி அணித்தலைவர்:
ஞாயிறன்று லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் நான்கு பலகைகளில் நடந்த லீக் போட்டியில் நாங்கள் 1.5–2.5 என்று தோற்றதாக அட்டவணை காட்டுகிறது. மூன்று பலகைகள் முடிந்து 1.5–1.5 என்று நின்ற வேளையில், பென்னாகரத்திலிருந்து ஆடிய எங்கள் இரண்டாம் பலகைக்காரர், ராஜாக்களோடு யானைகளும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும் யானை இறுதியாட்டத்தில் இரண்டு சிப்பாய்களைக் கூடுதலாக வைத்திருந்தார். அப்போதுதான் மழைக்காற்றில் மின்சாரம் போய் இணைப்பும் அறுந்தது. அவர் கடிகாரத்தில் நான்கு நிமிடம் மீதியிருந்தது. வெற்றி கோரவும், சமன் என்று முடிக்கவும், காத்திருக்கவும் தளம் இடம் கொடுத்தும், எதிராளி வெற்றியையே கோரினார். சமன் என்றிருந்தால் 2–2, ஆளுக்கொரு போட்டிப்புள்ளி.

கிருஷ்ணகிரி அணித்தலைவர்:
இணைப்பு அவரவர் பொறுப்பு என்று லீக் தொடங்குமுன் நாம் இருவரும் ஒப்புக்கொண்டோம். 2020 இணையச் சதுரங்க ஒலிம்பியாட் காலிறுதியில் இந்தியாவின் நிஹால் சரினோடு ஆடிய ஆர்மீனிய வீரர் இணைப்பு அறுந்து தோற்றார். ஆர்மீனியாவின் மேல்முறையீடு தள்ளுபடியாகி, அந்த அணியே விலகிக்கொண்டது. அன்று நாம் யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை.

தருமபுரி அணித்தலைவர்:
அதே ஒலிம்பியாடின் இறுதிப்போட்டியையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆகஸ்ட் 30 அன்று நிஹாலும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து, கடிகார நேரம் தீர்ந்து தோற்றபோது, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தாரே.

கிருஷ்ணகிரி அணித்தலைவர்:
அன்று பல நாடுகளில் ஒரே நேரத்தில் இணையம் முடங்கியது. இங்கே ஒரு வீட்டில் மின்சாரம் போனது. அதோடு, அந்த இரண்டு சிப்பாய்களும் பலகையின் எஃப், எச் என்ற நெடுவரிசைகளில் நின்றன. யானை இறுதியாட்டத்தில் அந்த ஜோடி பல நிலைகளில் சமனில்தான் முடியும் என்பது, பாடம் படித்தவர் எவருக்கும் தெரியும். கைக்கு வந்த வெற்றி பறிபோனது என்பது மிகை.

ஒசூர் வாசகர்:
2004 வரை ஒரே மாவட்டமாக இருந்தவர்கள் இப்படி மல்லுக்கட்டுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைக்காதது தருமபுரியின் கவனக்குறைவு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கிருஷ்ணகிரித் தலைவரே, நிலை சமன்தான் என்று நீங்களே வாதாடுகிறீர்கள். அப்படியானால் உங்கள் ஆட்டக்காரர் ஏன் சமனைத் தேர்ந்தெடுக்கவில்லை?

கிருஷ்ணகிரி அணித்தலைவர்:
நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நிலை சமன் என்பது ஆட்டம் முடிந்தபின் நான் உட்கார்ந்து ஆராய்ந்து கண்டது. அந்தப் பையனோ, தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற பதற்றத்தில் இருந்தான். என்னை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 1.5–1.5 என்றிருந்த அந்த நிமிடத்தில் நானும் வெற்றியைக் கோரத்தான் சொல்லியிருப்பேன்.