ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை, வழி சொல்லுங்கள்

என் மாமா பையன் அடிதடி வழக்கில் கிளைச் சிறையில் இருக்கிறான். ஜாமீன் கிடைத்து 9 நாள் ஆகிறது. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்; வீட்டு வரி ரசீதும் கேட்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் புறம்போக்கில் குடியிருப்பவர்கள், ரசீதுக்கு எங்கே போவது?

நேற்று மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்கப் போனேன். கொண்டுபோன முறுக்கை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆடு குட்டி போட்டுச்சா மச்சான்?" என்கிறான்! எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு (இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பு) தெரிவிக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, தெரிவித்தார்களா என்று யாரிடம் கேட்பது? சட்ட உதவி எண்ணான 15100-இல் பேசியவர்கள், நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை.