புதுப்பிப்பு: வாயு போரைடிங்கில் அடுக்கு ஏன் உரிகிறது?

தென்னாப்பிரிக்கத் துறைமுக நகரமான டர்பன் பக்கத்துச் சர்க்கரை ஆலை பம்ப் ஸ்லீவ்களை (தண்டின் மேல் மாட்டும் எஃகு உறைகளை) போரான் ட்ரைகுளோரைடும் ஹைட்ரஜனும் செலுத்தி 900 டிகிரி செல்சியஸில் கடினப்படுத்துவது, அதாவது எஃகின் மேற்பரப்பில் போரானை ஏற்றிக் கடினமான போரைடு அடுக்கு உண்டாக்கும் வாயு போரைடிங், பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அடுக்கு செதில் செதிலாக உரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் போரான் அளவுக்கு மீறிப் போவதுதான் காரணம். அப்போது எஃப்இ2பி (Fe₂B) என்ற இரும்பு போரைடுக்கு மேல், போரான் கூடுதலான எஃப்இபி (FeB) என்ற இன்னொரு போரைடு படிகிறது. குளிர்ந்ததும் எஃப்இபி இழுவிசையிலும் எஃப்இ2பி அமுக்கவிசையிலும் நிற்பதால் நடுவே விரிசல் விடும். ஒரு துண்டை வெட்டி, பாலிஷ் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். விரிசல் மேற்பரப்புக்கு இணையாக ஓடினால் கோளாறு இதுதான். கடைசியில் ட்ரைகுளோரைடை மூடிவிட்டு, அதே சூட்டில் ஆர்கானில் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். போரான் உள்ளே இறங்கும், எஃப்இபி குறையும்.

குழி குழியாக அரித்திருந்தால் அது வேறு விஷயம்: ஹைட்ரஜன் குளோரைடின் வேலை. ஈரம் பட்டால் ட்ரைகுளோரைடு உடனே அமிலமாகும். டர்பன் கடற்காற்றில் குழாயைத் திறந்து போடவே போடாதீர்கள். ஹைட்ரஜனுக்கு முன்னும் பின்னும் ஆர்கான் ஓடட்டும். வெளியேறும் வாயு காஸ்டிக் சோடா கரைசல் வழியாகப் போகவேண்டும்.

சிலிக்கான் கூடுதலான எஃகு வேண்டாம். போரைடுக்கு அடியில் ஃபெரைட் என்ற மிருதுவான இரும்புப் பகுதி தங்கி, அழுத்தத்தில் அடுக்கு உள்ளே அமுங்கிவிடும். அடுக்குத் தடிமனில் கால் பங்கு அளவு பொருள் பருக்கும்; கடைசலிலேயே அதைக் கழித்துவிடுங்கள்.