எம்.எஸ். களைப்பு: ஸ்கான் நன்றாக இருந்தும் பிற்பகலில் உடல் ஏன் ஓய்ந்துவிடுகிறது?

வெள்ளவத்தைவாசி (கேள்வி)

வணக்கம். எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது மூளையிலும் முண்ணாணிலும் நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்; அதில் விட்டுவிட்டுத் தாக்கும் வகை. மருந்தைத் தவறாமல் எடுக்கிறேன், கடைசி எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்பு எதுவும் இல்லை என்று நரம்பியல் வைத்திய நிபுணர் சொன்னார். ஆனாலும் கொள்ளுப்பிட்டியிலுள்ள கந்தோரில் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு கணக்கேட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்; இலக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, மனதில் பதிவதில்லை. மாலையில் காலி வீதி பஸ்ஸில் நின்றபடி வந்து இறங்கினால், இரண்டாம் மாடி ஏறுவதற்குள் இடது கால் இழுபடத் தொடங்குகிறது. மாமியோ, இந்த வயதில் என்ன களைப்பு, ஒழுங்காகச் சாப்பிட்டால் சரிவரும் என்கிறார். ஸ்கான் நன்றாக இருக்கும்போது களைப்பு மட்டும் ஏன் போகவில்லை? இதற்கென்று மருந்து ஏதும் உண்டா?

கொட்டாஞ்சேனை அக்கா

தங்கச்சி, எனக்கும் இதே நோய்தான். ஸ்கான் காட்டுவது தழும்புகளை. அந்தத் தழும்புகளைச் சுற்றிக்கொண்டு மூளை தன் வேலையை முடிக்கச் செலவிடும் கூடுதல் உழைப்பு அதில் தெரியாது. ஆகவே ஸ்கானும் களைப்பும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிற்பகலில் கூடுவதற்கு வெப்பமும் ஒரு முக்கிய காரணம். மயலின் என்ற காப்புறை தேய்ந்த நரம்பிழையில், உடல் வெப்பநிலை அரைப் பாகை கூடினாலே நரம்புச் சைகை தடைப்படலாம். ஜெர்மன் கண் வைத்தியர் ஊத்ஹோஃப், உடலுழைப்புக்குப் பின் சில நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890இல் பதிவுசெய்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். நோய் முற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் உடலின் வெப்பநிலை இயல்பாகவே பிற்பகலிலும் மாலையிலும்தான் உச்சத்துக்குப் போகிறது; அந்த நேரம் பார்த்து நெரிசலான பஸ்ஸில் நின்றால் கால் இழுபடாமல் என்ன செய்யும்?

ஈரத்துணியைப் போர்த்தச் சொல்லும் ஆலோசனைகள் வறண்ட ஊர்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணி காய்வதில்லை, காய்ந்தால்தானே குளிரும்? மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் ஓரளவு பயன் உண்டு. நான் ஐஸ் பையைத் துவாயில் சுற்றிப் பிடரியில் வைத்துக்கொள்கிறேன். பிளாஸ்கில் ஐஸ் தண்ணீர் கொண்டுபோய், பஸ் ஏறுவதற்கு முன்பே குடித்துவிடுகிறேன். சூடேறிய பிறகு குளிர்விப்பதைவிட முன்கூட்டியே குளிர்வித்துக்கொள்வது எனக்குக் கூடுதலாக உதவுகிறது.

தெஹிவளை அண்ணா

உடம்பைவிட வேலை பெரிதா? வேலையை விட்டுவிட்டு வீட்டில் முழு ஓய்வு எடுப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஒரு தாதிய உத்தியோகத்தர்

அண்ணா அக்கறையோடு சொல்கிறார், ஆனால் முழு ஓய்வு தசையைத் தளர்த்திக் களைப்பைக் கூட்டிவிடும். களைப்பு முற்றும் முன்பே சிறிது நேரம் படுத்து எழுவதும், கவனம் வேண்டிய கணக்கு வேலையைக் காலையில் முடிப்பதும், குளிர்ந்த வேளையில் அளவான உடற்பயிற்சி செய்வதும் வேலையை விடாமலே செய்யக்கூடியவை. கந்தோரில் ஏசிக்குப் பக்கத்து மேசையைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

எல்லாக் களைப்பையும் எம்.எஸ். தலையில் கட்டிவிடுவதும் சரியல்ல. இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழும்புகிறீர்களா? அப்படியானால் தூக்கம் கெடுவதே பாதிக் காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மாமி சொல்வதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது: இரத்தசோகை, தைரொயிட், விற்றமின் பி12 குறைபாடு ஆகியவற்றைச் சோதித்துவிடுங்கள். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பக்லோஃபென் தூக்கக் கலக்கம் தரும். மனச்சோர்வும் களைப்பாகவே வெளிப்படக்கூடியது. நம் வீடுகளில் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

மருந்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அமன்டடின், மோடஃபினில், மெதில்ஃபெனிடேட் மூன்றையும் 141 நோயாளிகளிடம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2021இல் வெளியானது. களைப்பைக் குறைப்பதில் மூன்றில் எதுவும் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை, பக்கவிளைவுகளே கூடின. ஆயினும் தனிப்பட்ட சிலருக்குப் பயன் தெரிவதாகச் சொல்லி வைத்தியர்கள் இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தைவாசி

இரவில் எழும்புவது உண்மைதான். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று நினைக்கவில்லை, அதனால் வைத்தியரிடமும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இது வெறும் களைப்பா, புதிய தாக்குதலா என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒரு தாதிய உத்தியோகத்தர்

புதிய அறிகுறி ஒன்று தோன்றி, அல்லது பழைய அறிகுறி தெளிவாக மோசமாகி, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் உடனே கிளினிக்குக்கு அறிவியுங்கள். காய்ச்சல் இருந்தால் அந்தச் சூட்டிலேயே பழைய அறிகுறிகள் திரும்பக்கூடும். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்க வேண்டும். அதுவரை பரசிட்டமோல் மட்டும் எடுங்கள், இபுபுரோஃபென் வேண்டாம். சிறுநீர்த் தொற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.