பிடிஎஃப்-ல் போட்ட குறிப்பு பிள்ளைகள் போனில் தெரியவில்லை, அவசரம்!!

பத்து_பி_டீச்சர், இரவு 8:42
வணக்கம். சென்னையில் நாளைக்கும் மழை லீவு விட்டுவிட்டார்கள். இலக்கணம் பாதியில் நிற்கிறது. தொகைநிலைத் தொடர் பாடத்தின் பிடிஎஃப்-ல் பக்கம் பக்கமாகக் குறிப்பு போட்டு அனுப்பினேன். ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள் பிள்ளைகள். என் லேப்டாப்பில் நன்றாகத் தெரிகிறது. யாராவது வழி சொல்லுங்கள், காலைக்குள் வேண்டும்.

வடபழனி_வாசு, 8:50
எந்தச் செயலியில் குறிப்பு போட்டீர்கள்? எதில் அனுப்பினீர்கள்? பிள்ளைகள் எதில் திறக்கிறார்கள்? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே டீச்சர்.

கீச்சான், 8:53
வாட்ஸ்அப்தான் காரணம். அது எல்லாவற்றையும் சுருக்கிவிடும். டெலிகிராமுக்கு மாறுங்கள்.

வடபழனி_வாசு, 8:55
கீச்சான், சுருங்குவது படமும் வீடியோவும். ஆவணமாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். 2022-லிருந்து 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம்.

எழுத்துருப்பித்தன், 9:01
பழைய பாமினி எழுத்துருவில் செய்த பிடிஎஃப் ஆக இருக்கும். யூனிகோடு என்ற பொது எழுத்துமுறையில் இல்லாததால் குறிப்பு தெரியவில்லையோ என்னவோ. முதலில் மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள்.

மூத்தவர்_007, 9:10
இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பிடிஎஃப் 2008-லேயே ஐஎஸ்ஓ 32000 என்று தரமாகிவிட்டது. பக்கம் வேறு, அதன்மேல் போடும் குறிப்பு வேறு என்பது அடிப்படை. விண்டோஸில் பிரிண்டராக ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்துப் புதுக் கோப்பு எடுத்தால் எல்லாம் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை. ஆசிரியர்களுக்கே இது தெரியவில்லை என்றால் என்ன சொல்வது.

பத்து_பி_டீச்சர், 9:24
லேப்டாப்பில் அடோபி ரீடர். வாட்ஸ்அப் குரூப்பில் ஆவணமாகத்தான் அனுப்பினேன். பிள்ளைகள் எல்லாம் அம்மா அப்பா போனில் பார்க்கிறார்கள், என்ன செயலி என்று தெரியாது. இன்னொன்று, மஞ்சள் கோடு தெரிகிறதாம், நான் எழுதியதுதான் தெரியவில்லையாம்.

வடபழனி_வாசு, 9:29
அட, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாமினி வரைக்கும் போயிருக்க மாட்டோம். மஞ்சள் தெரிகிறது என்றால் கோப்பு ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. மஞ்சளின் மேல் கிளிக் செய்து, திறக்கும் சின்னப் பெட்டிக்குள் எழுதினீர்களா?

பத்து_பி_டீச்சர், 9:31
ஆமாம். ‘மதுரை சென்றார்’ மேல் மஞ்சள் அடித்து, உள்ளே “‘கு’ உருபு மறைந்து வந்துள்ளது, நான்காம் வேற்றுமைத்தொகை” என்று எழுதினேன். எல்லாமே அப்படித்தான்.

வடபழனி_வாசு, 9:40
அதுதான் விஷயம். மஞ்சள் நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்பது கோப்பிலேயே இருக்கும், அதனால் பெரும்பாலான செயலிகள் அப்படியே காட்டும். பெட்டிக்குள் எழுதிய வரிகளும் கோப்பில் இருக்கின்றன. ஆனால் பெட்டியைத் திறந்து காட்டுவது பார்க்கும் செயலியின் பொறுப்பு. போனோடு வரும் பல செயலிகள் அதைச் செய்வதில்லை. அடோபி ரீடர் இறக்கி மஞ்சளைத் தொட்டால் தெரியும்.

மூத்தவர் சொன்ன வழியை மட்டும் இதற்குச் செய்யாதீர்கள். பிரிண்ட் எடுத்தால் மஞ்சள் ஒட்டும், பெட்டி ஒட்டாது. அடோபி ரீடரின் அமைப்புகளில் ‘பிரிண்ட் நோட்ஸ் அண்ட் பாப்-அப்ஸ்’ என்பதைத் தனியாக டிக் செய்திருந்தால்தான் அது அச்சில் வரும். இல்லையென்றால் இப்போது அடோபியில் திறந்தாலாவது தெரியும் குறிப்பு அப்போது அடியோடு போய்விடும்.

மூத்தவர்_007, 9:44
டிக் செய்ய வேண்டும் என்பது சொல்லாமலே புரிய வேண்டிய விஷயம்.

தாம்பரம்_தந்தை, 9:47
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மழை விடுமுறையில் சிறப்பு வகுப்பு கூடாது என்று அறிவிப்பிலேயே சொல்கிறார்களே? எங்கள் வீட்டில் ஒரே போன். கரண்ட் இல்லாத நாளில் பிள்ளைகள் அதை நோண்டினால் சார்ஜ் போய்விடுகிறது.

கீச்சான், 9:52
லீவு விட்டால் பாடம் முடியவில்லை என்பீர்கள், அனுப்பினால் ஏன் அனுப்பினீர்கள் என்பீர்கள்.

தாம்பரம்_தந்தை, 9:55
நான் அப்படிச் சொன்னேனா? பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப்பில் நடக்க வேண்டுமா என்றுதான் கேட்டேன். கரும்பலகையில் எழுதிப்போட்டு நோட்டில் எழுதியபோது யார் போனிலும் தெரியாமல் போகவில்லை.

எழுத்துருப்பித்தன், 9:58
பெட்டியை விட்டுவிட்டு, பக்கத்தின் மேலேயே டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து டைப் செய்யலாமே?

வடபழனி_வாசு, 10:06
செய்யலாம், தமிழில்தான் கொஞ்சம் பயம். சில செயலிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘வேற்றுமைத்தொகை’யில் வே, மை, தொ, கை நான்கும் உடைந்தால் பிள்ளைகள் அதையே புது இலக்கணம் என்று நினைத்துக்கொள்வார்கள். பென்சில் கருவியால் ஓரத்தில் கையால் எழுதுவது பத்திரம். அது வெறும் கோடு, எழுத்துருவே தேவையில்லை.

எழுதியதை எல்லாம் மறுபடி எழுத நேரமில்லை என்றால், ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது மேலே ‘சம்மரைஸ் கமெண்ட்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பிரிண்டராக அதே ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டிக்குள் எழுதியவை எல்லாம் பக்க வாரியாக வரிசையாக வந்துவிடும். அனுப்பும் முன் உங்கள் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். அடோபி இல்லாத போனாக இருந்தால் இன்னும் நல்லது.

கீச்சான், 10:11
மவுஸில் தமிழ் எழுதினால் டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும். தண்ணீர் வடிந்ததும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பேனா டேப்லட் வாங்கிவிடுங்கள் டீச்சர்.

மூத்தவர்_007, 10:15
பிரிண்ட் டு பிடிஎஃப் என்று முதலில் சொன்னது யார் என்று மேலே பார்க்கவும்.

பத்து_பி_டீச்சர், காலை 6:20
சம்மரைஸ் வந்துவிட்டது, அனுப்பிவிட்டேன். வாசு சாருக்கு நன்றி. இங்கே கரண்ட் இல்லை, அப்புறம் எழுதுகிறேன்.

ஆவடி_அறிவியல், காலை 11:02
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் பிபிடியில். ஸ்மார்ட் போர்டில் எழுதியது எதுவும் சேவ் ஆகவில்லை. என்ன செய்வது?

மூத்தவர்_007, 11:05
புது இழை திறக்கவும். என்ன போர்டு, என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு என்று எழுதிவிட்டுத் திறக்கவும்.